நெஞ்சிலா, கம்பளியிலா, ஹீட்டர் பக்கத்திலா? மலைக்குளிரில் குறைமாதப் பிள்ளையை வைத்துக்கொள்ளும் வழிகள்

கண்டியிலோ பேராதனையிலோ வைத்தியசாலையின் பேபி ரூமில் இருந்த குறைமாதப் பிள்ளைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நிறை இரண்டு கிலோகூட இருக்காது. அந்த அறை இரவும் பகலும் சூடாக வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்கே வாகனம் மலையேறுகிறது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், ஹற்றன் சுமார் 1,270, நுவரெலியா 1,868. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறு பாகை குளிர் கூடும். தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் 10 பாகைக்குக் கீழே இறங்குவதும், சில நாட்களில் புல்லில் பனி உறைவதும் வழக்கம். தகரக் கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள தோட்ட லயத்துக் காம்பராவில் அந்தக் குளிர் நேராக உள்ளே வந்துவிடும்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்று மாலையே வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். தாதி மிஸ்ஸி சொன்னபடி நெஞ்சில் கட்டிக்கொள்ளவேண்டும் என்பார் தாய். நல்ல கம்பளியில் சுற்றிக் கிடத்தினால் போதும் என்பார் அம்மாயி. டவுனில் ஹீட்டர் ஒன்று வாங்கி வரலாமா என்று கேட்பார் வீட்டுக்காரர். சேலைத் தொட்டில் ஏற்கனவே உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் பிள்ளைமேல் உள்ள அக்கறை ஒன்றுதான். ஆனால் நான்கு வழிக்கும் பலன் ஒன்றல்ல.

முதலில் பிள்ளை ஏன் குளிர்கிறது என்று பார்த்துவிடலாம். 37 வாரம் முடியுமுன் பிறந்தால் குறைமாதம், 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடை குறைவு. வயிற்றில் கடைசி வாரங்களில்தான் உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு சேரும். குறைமாதப் பிள்ளைக்கு அது போதாது. தோல் மெல்லியது. நிறைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதிலும் தலை பெரியது. நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. ஈரத் துணி, குளிர்ந்த மெத்தை, கதவிடுக்கில் வரும் காற்று எல்லாம் சூட்டை இழுக்கும். வெளிச்சுவருக்குப் பக்கத்தில் கிடத்தினால், சுவரைத் தொடாமலேயே பிள்ளையின் சூடு அந்தக் குளிர்ந்த சுவருக்குப் போய்க்கொண்டிருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. குளிர்ந்த உடம்பு சூட்டைக் காக்க ஒட்சிசனையும் இரத்தத்திலுள்ள சீனியையும் செலவழிக்கும். அதனால் உறிஞ்சப் பலமிருக்காது, குடிக்கிற பாலும் நிறையாகச் சேராது. குளிர்ந்த குறைமாதப் பிள்ளை பெரும்பாலும் அழாது, சும்மா தூங்கிக் கிடக்கும். வீட்டார் அதை “நல்ல பிள்ளை” என்று நினைத்துவிடுவார்கள்.

அக்குளில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தேர்மோமீட்டர் ஒன்று பாமசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 36.5 முதல் 37.5 பாகை வரை சரி. அது இல்லாத நேரத்தில் புறங்கையால் பிள்ளையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் இளஞ்சூடாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது. வயிறும் குளிர்ந்திருந்தால் இனித் தாமதிக்கக்கூடாது.

நெஞ்சு

குறைமாதப் பிள்ளையைத் தாயின் வெற்று நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டிக்கொள்வதைக் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகொட்டா நகரில் வைத்தியர் எட்கர் ரேய் சனாப்ரியா இதைத் தொடங்கினார். அங்கே இன்குபேட்டர்கள் போதவில்லை, ஒன்றில் இரண்டு மூன்று பிள்ளைகளை வைத்ததால் கிருமித்தொற்றும் பரவியது. வசதியில்லாத இடத்துக்கு ஒரு மாற்றாகத் தொடங்கிய முறை இன்று வசதியுள்ள இடத்துக்கும் முதல் முறையாகிவிட்டது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்தவுடனேயே நெஞ்சில் வைக்கப்பட்ட பிள்ளைகளில் முதல் 28 நாட்களுக்குள் நேர்ந்த மரணம், உடல்நிலை சீரான பிறகு வைக்கப்பட்ட பிள்ளைகளைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரை இதை எல்லாக் குறைமாத, எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழமையான பராமரிப்பாகச் சொல்கிறது. வைத்தியசாலையிலும் செய்யலாம், வீட்டிலும் செய்யலாம். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை, இயன்றவரை அதிகமாக.

இந்த எட்டு மணித்தியாலக் கணக்குத்தான் பல வீடுகளில் தவறுகிறது. “நாங்களும் நெஞ்சில் வைத்தோம், எடை ஏறவில்லை” என்று சொல்லும் வீட்டில் விசாரித்தால் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று இருக்கும். எடுத்துக் கட்டி, பிள்ளை சூடாகி, ஆழ்ந்து தூங்கத் தொடங்கும்போதே அரை மணி போய்விடும். ஒருமுறை கட்டினால் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது அவிழ்க்காதீர்கள். அவிழ்த்துக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் பிள்ளை சூட்டை இழக்கிறது.

கட்டும் முறை இப்படி. தாய் மார்புக் கச்சையைக் கழற்றி, முன்பக்கம் திறக்கும் சட்டையோ கவுனோ போட்டுக்கொள்ளவேண்டும். பிள்ளைக்கு உலர்ந்த நெப்கின், தொப்பி, மேசு (காலுறை) மட்டும். பிள்ளையை இரு மார்புக்கும் நடுவில் செங்குத்தாக, நெஞ்சோடு நெஞ்சாக வைக்கவேண்டும். தலை ஒரு பக்கம் திரும்பி, நாடி (மோவாய்) சற்றே நிமிர்ந்திருக்கவேண்டும். நாடி பிள்ளையின் நெஞ்சில் போய்ப் புதைந்தால் மூச்சுக்குழாய் மடியும், அண்ணாந்து போனாலும் அடைபடும். கால்கள் தவளைக் கால்போல விரிந்து மடங்கியிருக்கவேண்டும். கைகள் மடங்கித் தாயின் மார்பின்மேல் இருக்கட்டும். பிள்ளையின் வயிறு தாயின் மேல்வயிற்றில் படவேண்டும், தாய் மூச்சு விடும் அசைவே பிள்ளையையும் மூச்சு விடத் தூண்டும். பிறகு இழுபடும் பனியன் துணியாலோ மெல்லிய பருத்திச் சேலைத் துண்டாலோ சுற்றிக் கட்டவேண்டும். துணியின் மேல்விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே வரவேண்டும். இறுக்கம் பிள்ளையின் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும், வயிற்றுப் பக்கத்தில் பிள்ளை மூச்சிழுக்க இடம் விடுங்கள். கட்டி முடித்ததும் தாய் எழுந்து நின்று சற்றுக் குனிந்து பார்க்கவேண்டும். பிள்ளை சரிந்தால் கட்டு தளர்வு. கடைசியாகச் சட்டையை மூடி, மேலே ஸ்வெட்டரோ சால்வையோ போர்த்திக்கொள்ளலாம். பிள்ளையின் முகம் எந்நேரமும் தாயின் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

மலைநாட்டுக்கு ஒரு திருத்தம் உண்டு. நெப்கின், தொப்பி, மேசு மட்டும் என்பது அறை 22 முதல் 24 பாகை வரை இருக்கும் இடத்துக்குச் சொன்னது. 22க்குக் கீழே போனால் கையில்லாத, முன்பக்கம் முழுக்கத் திறந்த பருத்திச் சட்டை ஒன்று போடலாம். முன்பக்கம் திறந்திருந்தால் நெஞ்சும் வயிறும் தாயின் தோலில் படும், முதுகு மட்டும் மூடப்படும். தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை இரவுகளுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். குளிருகிறதே என்று முழுச் சட்டை, ஸ்வெட்டர் எல்லாம் போட்டு அதன்மேல் நெஞ்சில் கட்டினால் தோலில் தோல் படாது. அப்போது அது வெறும் தூக்கிவைத்தல்தான்.

நெஞ்சுக்கு இன்னொரு சிறப்பு, பிள்ளை குளிர்ந்தால் தாயின் மார்புத் தோல் சூடேறும், பிள்ளை சூடானால் குறையும். எந்த ஹீட்டருக்கும் அந்தப் புத்தி கிடையாது. பால் சுரப்பும் கூடும், பிள்ளை மார்பைத் தானாகத் தேடவும் பழகும். பேபி ரூமில் நாட்கணக்கில் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டு “இது என் பிள்ளைதானா” என்ற தயக்கத்தோடு வீடு வருகிற தாய்மார் நிறையப் பேர். அந்தத் தயக்கம் புத்திமதியால் போகாது, பிள்ளையின் மூச்சு நெஞ்சில் பட்டுக்கொண்டிருக்கும்போது போகும்.

இரவில் எப்படித் தூங்குவது? தட்டையாக மல்லாந்து படுக்கக்கூடாது. முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி, கட்டு அவிழாமல் தூங்கலாம். அந்தக் கட்டிலில் வேறு பிள்ளைகளைப் படுக்கவிடாதீர்கள். கட்டில் வெளிச்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளியிருக்கட்டும். தாய் மிகக் களைத்திருந்தால், தூக்க மாத்திரை எடுத்திருந்தால், காய்ச்சலாக இருந்தால் அந்த நேரத்துக்கு வேறொருவர் மாறவேண்டும்.

மாறுவதற்குத் தகப்பனும் ஆகும், அம்மாயியும் ஆகும். ஆணின் நெஞ்சும் பிள்ளையைச் சூடாக வைக்கும், நெஞ்சு மயிர் ஒரு தடையல்ல. சிகரெட் குடித்துவிட்டு வந்த சட்டையோடும், சாராயம் குடித்த அன்றும் வேண்டாம். குடித்தவர் நெஞ்சில் பிள்ளையோடு தூங்கிப்போவது உயிராபத்து. தடிமன், இருமல், தோலில் சிரங்கு உள்ளவரும் விலகியிருக்கட்டும். பிள்ளையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், உட்கார்ந்து கீரை ஆயலாம். விறகடுப்புக்கு முன்னால் மட்டும் போகக்கூடாது. புகை ஒன்று, சுடுநீர் தெறிப்பது மற்றொன்று.

கம்பளிச் சுற்று

கம்பளிமேல் நமக்கு இருக்கிற நம்பிக்கை, அது வேலை செய்யும் விதத்தைத் தெரியாததால் வந்தது. துணி சூட்டை உண்டாக்காது, உள்ளே இருப்பதைக் காக்கும். சூடாக இருக்கும் பிள்ளையைச் சுற்றினால் சூடாகவே இருக்கும். குளிர்ந்துபோன பிள்ளையை மூன்று கம்பளியில் சுற்றினாலும் அது குளிர்ந்த பொட்டலம்தான். அதனால் தேர்மோமீட்டர் 36.5க்குக் கீழே காட்டினால் இன்னொரு போர்வையைத் தேடாதீர்கள், நெஞ்சில் கட்டுங்கள். ஒரு மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றாலோ, 36க்குக் கீழே போனாலோ நெஞ்சில் கட்டியபடியே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

நெஞ்சில் இல்லாத மணித்தியாலங்களுக்குக் கம்பளி தேவை. தாய் குளிக்கும்போது, சாப்பிடும்போது, மாற்று ஆள் இல்லாதபோது அதுதான் கைகொடுக்கும். தோலில் படுவது பருத்தியாக இருக்கட்டும். நெப்கின், பருத்திச் சட்டை, அதன்மேல் பின்னல் சட்டை, தொப்பி, மேசு, பிறகு போர்வை. ஒரே தடித்த போர்வையைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் சூட்டை நன்றாகப் பிடிக்கும், அடுக்கைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். நெஞ்சை இறுக்கிச் சுற்றினால் மூச்சு சிறுக்கும். கால்களை நீட்டிச் சேர்த்துக் கட்டுவது நம்மிடம் ஊறிய வழக்கம், கால் கோணலாகாது என்று காரணமும் சொல்வார்கள். உண்மையில் அது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். கால் மடங்கி விரிய இடம் வேண்டும். மல்லாக்கக் கிடத்துங்கள், முகத்தை மூடாதீர்கள், தலையணை வேண்டாம்.

கம்பளியின் பெரிய குறை வேறொன்று. நன்றாகச் சுற்றிய பிள்ளை அசையாமல் கிடக்கும். பசித்து வாயைத் திறப்பதும், கையை வாய்க்குக் கொண்டுபோவதும் யார் கண்ணிலும் படாது. மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று பால் தள்ளிப்போகும். நெஞ்சில் இருந்தால் தாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

ஹீட்டர், சுடுநீர்ப் போத்தல், கரிச்சட்டி

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கரிச்சட்டியும் விறகு நெருப்பும் கதவடைத்த காம்பராவில் கார்பன் மொனொக்சைட் வாயுவை நிரப்பும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே குடும்பத்தோடு ஆளைக் கொல்லும். அது வேண்டவே வேண்டாம். சுடுநீர்ப் போத்தலைப் பிள்ளையின் பக்கத்தில் வைத்தால் குறைமாதத் தோல் சுட்டு உரிந்துவிடும். பிள்ளையைக் கிடத்துமுன் படுக்கையைச் சூடாக்கி, பிறகு போத்தலை எடுத்துவிடுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

மின்சார ஹீட்டர் 1,500 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். லயங்களின் பழைய வயரிங்கில் அதைச் செருகி இரவு முழுக்க விடுவது தீயோடு விளையாட்டு. வயரிங் நன்றாக உள்ள தனிவீடென்றால், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகையை அறையைச் சூடாக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையிலிருந்து ஒன்றரை மீற்றராவது தள்ளி, துணி எதுவும் மேலே தொங்காமல், காற்றுக்குச் சன்னலில் ஓர் இடுக்கு விட்டு வையுங்கள். பிள்ளையைக் கழுவித் துடைத்து உடைமாற்றும் பத்து நிமிடத்துக்குத்தான் அதன் உண்மையான பயன். சூடு மிஞ்சுவதும் ஆபத்து. 37.5க்கு மேல் போனால் நீர் வற்றும், குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வரலாம். கரண்ட் போன இரவில் இந்த ஏற்பாடு முழுக்க விழுந்துவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

சேலைத் தொட்டில்

நிறைமாதப் பிள்ளை தூங்க அது நல்ல ஏற்பாடு. தாய் வேலை செய்தபடியே காலால் ஆட்டிவிடலாம். குறைமாதப் பிள்ளைக்குக் கழுத்துப் பலமில்லை. சேலையின் குழிக்குள் உடம்பு வளைந்து நாடி நெஞ்சில் முட்டும், மூச்சு தடைப்படும். உள்ளே எப்படிக் கிடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. கீழிருந்து குளிர்காற்றும் ஏறும். திருத்திய வயதில், அதாவது பிறக்கவேண்டிய திகதியிலிருந்து எண்ணும் வயதில், சில மாதங்கள் கடந்து, கழுத்து நிமிர்ந்த பிறகு ஆட்டலாம், அதுவும் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

தடவுவதா, கை வைத்திருப்பதா

பேபி ரூமில் இன்குபேட்டரின் ஓட்டை வழியாகக் கையை விட்ட தாய் முதலில் செய்வது விரல் நுனியால் மெல்லத் தடவுவது. பிள்ளை துள்ளும், விரல்களை விரிக்கும், முகம் சுளிக்கும். தாய் பயந்து கையை எடுத்துவிடுவார். மெல்லிய வருடல் குறைமாத நரம்புக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அதைவிட நல்லது அசையாத கை. கையைக் கழுவிச் சூடாக்கி, ஒரு கையைத் தலைமேல் தொப்பிபோல வைத்து, மறு கையால் மடங்கிய கால்களைச் சேர்த்துப் பிடித்து, அப்படியே இருங்கள். வயிற்றுக்குள் இருந்த அணைப்பு அதற்குக் கிடைக்கும். ஊசி குத்தும்போதும் குழாய் மாற்றும்போதும் இப்படிப் பிடிக்க அனுமதி கேளுங்கள். கேட்காவிட்டால் பல வாட்டுகளில் தாயை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார்கள்.

குரலும் அப்படித்தான். பிறக்குமுன்னே தாயின் குரலைக் கேட்டுப் பழகிய பிள்ளை அது. மெதுவாகப் பேசலாம், தாலாட்டலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. தாலாட்டும்போதே ஆட்டுவது, ஆட்டும்போதே கண்ணைப் பார்த்துச் சிரிக்கவைக்க முயல்வது, பக்கத்தில் டீவியும் ஓடுவது எல்லாம் சேர்ந்தால் அதால் தாங்க முடியாது. கொட்டாவி, விக்கல், தும்மல், முகத்தைத் திருப்புதல், விரல் விரித்தல், நிறம் மாறுதல் என்று அது “போதும்” சொல்லும். அப்போது நிறுத்திவிடுங்கள். முகம் பார்க்கவைக்க 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம் போதும், வெளிச்சம் குறைவாக இருக்கட்டும்.

குளிப்பாட்டும் பாட்டிமாரோடு இங்கே ஒரு பேச்சு தேவைப்படும். சுடுநீரை அடித்து ஊற்றுவது, மூக்கைப் பிடித்துவிடுவது, கைகால் இழுத்து நீவுவது, சாம்பிராணி காட்டுவது இவை நான்கையும் தள்ளி வைக்கவேண்டும். எடை நன்றாக ஏறும்வரை ஈரத் துணியால் துடைத்தால் போதும், அதுவும் நண்பகலில். கையில் சூடாக்கிய தேங்காய் எண்ணெயை அழுத்தாமல் பூசுவதில் தவறில்லை, தோலின் ஈரம் காக்கும். வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாயிக்கு அந்த வேலையைக் கொடுத்தால் மற்ற நான்கை விட்டுவிடுவார் என்பது அனுபவப்பட்ட மருத்துவமாதுகளுக்குத் தெரிந்த தந்திரம்.

பால்: மார்பு, கோப்பை, போத்தல்

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய ஏறக்குறைய 32 முதல் 34 வாரத்தில்தான் வரும். அதனால் வீட்டுக்கு வரும் பிள்ளை மார்பில் சற்று உறிஞ்சிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடலாம். அதற்காக உடனே பால்மாவுக்கும் போத்தலுக்கும் ஓடவேண்டாம். மார்பில் முதலில் விடுங்கள், மீதியைக் கறந்து கோப்பையில் கொடுங்கள். இதுதான் எங்கள் தேர்வு.

எவ்வளவு என்று வைத்தியசாலையில் எழுதிக் கொடுப்பார்கள். கணக்கு புரிய ஓர் உதாரணம்: முதல் வாரம் கடந்த 1.8 கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 160 மில்லிலீற்றர் என்றால் நாளுக்கு 288. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 36. இரவு வேளைகளும் இந்த எட்டில் அடக்கம். அழட்டும் கொடுக்கலாம் என்று காத்திருக்கக்கூடாது, மணியைப் பார்த்து எழுப்பிக் கொடுக்கவேண்டும்.

கறக்கும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் முலைக்காம்பிலிருந்து மூன்று நான்கு சென்ரிமீற்றர் பின்னால் இருக்கவேண்டும். நெஞ்செலும்பை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழிந்து விடவேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் புண்தான் மிஞ்சும். நாளொன்றுக்கு எட்டுத் தடவையாவது கறந்தால்தான் சுரப்பு குறையாமல் இருக்கும். கறந்த பாலை அறையில் நான்கு மணித்தியாலம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம். மலைக்குளிரில் கெடாது என்று அறையில் அதற்குமேல் விடாதீர்கள். சூடாக்க, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் கோப்பையை வைத்தால் போதும். அடுப்பில் வைக்காதீர்கள்.

கோப்பையால் கொடுக்கும்போது பிள்ளை விழித்திருக்கவேண்டும், முக்கால்வாசி நிமிர்ந்து மடியில் இருக்கவேண்டும். சிறு எவர்சில்வர் கோப்பையின் விளிம்பு கீழுதட்டில் மெல்லப் படட்டும், பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சரியுங்கள். பிள்ளை நாக்கை நீட்டி நக்கிக் குடிக்கும். அதுதான் குடிக்கவேண்டும், நீங்கள் ஊற்றக்கூடாது. ஊற்றினால் புரையேறும், பால் நுரையீரலுக்குப் போகும். அரை மணிக்குமேல் இழுக்காதீர்கள், களைப்பில் குடித்ததையே எரித்துவிடும். கரண்டியிலும் கொடுக்கலாம், வேகம் குறைவு.

போத்தலில் பால் தானாக வழியும், மூச்சோடு சேர்த்து விழுங்க முடியாமல் பிள்ளை நீலம் பாயும். சூப்பியின் இடுக்கைக் கழுவி அவிப்பதும் தண்ணீர்த் தட்டுப்பாடுள்ள லயத்தில் பெரும்பாடு. பால்மா குடிக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்குக் குடல் அழுகும் நோய் தாய்ப்பால் குடிப்பவர்களைவிட அதிகம் வருகிறது. வைத்தியர் சொல்லி மா கொடுக்க நேர்ந்தால் கொதித்தாறிய, ஆனால் 70 பாகைக்குக் குறையாத நீரில் கரைத்து, ஆறவைத்து, உடனே கொடுத்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். சேனை வைப்பது, சீனித் தண்ணீர், கிரைப் வோட்டர், வசம்பு உரைத்துக் கொடுப்பது எதுவும் இந்த வயிற்றுக்கு ஆகாது.

பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 கிராமாவது ஏறவேண்டும். 1.8 கிலோ பிள்ளை ஒரு வாரத்தில் ஏறக்குறைய 190 கிராம் ஏறும். ஏறாவிட்டால் முதலில் பாலைச் சந்தேகிக்கிறோம். மலைநாட்டில் பாதத்தையும் தொட்டுப் பார்க்கவேண்டும்.

எந்த வீட்டில்

தாய்வீடா, சொந்தக் காம்பராவா என்பதும் இந்தத் தெரிவில் சேரும். நாளில் பன்னிரண்டு மணித்தியாலம் பிள்ளை நெஞ்சில் இருக்கவேண்டும் என்று வையுங்கள். தாயால் இரவில் ஆறு, பகலில் மூன்று முடிந்தால் மீதி மூன்றுக்கு வேறு நெஞ்சு வேண்டும். சமைக்கவும் நெப்கின் துவைத்துக் காயவைக்கவும் இன்னொரு கை வேண்டும். மழை மாதங்களில் துணி காய்வதே பெரும் வேலை, ஈர நெப்கினை விட வேறெதுவும் பிள்ளையை அவ்வளவு சீக்கிரம் குளிரவைக்காது. ஆள்பலம் எங்கே இருக்கிறதோ அந்த வீடு. இரண்டிலும் ஆள் உண்டென்றால் தாழ்ந்த இடத்திலுள்ள வீடு, அதிலும் வைத்தியசாலைக்குச் சீக்கிரம் போகக்கூடிய வீடு. பெரிய தோட்டங்களில் டிவிஷனிலிருந்து பிரதான வீதிக்கு வரவே ஒரு மணித்தியாலம் எடுக்கும் இடங்கள் உண்டு. இடம் மாறினால் புதிய பகுதியின் மருத்துவமாதுக்கு முதல் நாளே அறிவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பகுதியிலும் பிள்ளையின் பெயர் விடுபட்டுப்போகும்.

வைத்தியசாலையிலிருந்து வரும்போதும் பிள்ளை நெஞ்சிலேயே வரட்டும். ஓட்டோ என்றால் இரண்டு பக்கப் படங்கையும் இறக்கிவிடுங்கள். கிளம்புமுன் பால் கொடுத்து, நெப்கின் மாற்றி, தொப்பி போட்டுக் கட்டிக்கொண்டால் வழியில் அவிழ்க்கத் தேவையிருக்காது.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காவிட்டாலோ, நிமிடத்துக்கு 60க்குமேல் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ, மூச்சு இடையில் நின்றாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ, வலிப்பு வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை பிள்ளை நெஞ்சில் இருக்கட்டும்.

திரும்ப வேலைக்குப் பேர் பதியும் நாள் வந்த பிறகு

பிள்ளை 2.5 கிலோவை எட்டும்போதோ, பிறக்கவேண்டிய திகதியை நெருங்கும்போதோ நெஞ்சில் நெளியும், கையைக் காலை உதைத்து வெளியே வரப் பார்க்கும். அப்போது பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். குளிப்பாட்டிய பிறகும் பனி இரவுகளிலும் தொடரலாம்.

சம்பளத்தோடு கிடைக்கும் பிரசவ விடுமுறை 12 வாரம், 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளை அந்த 12 வாரம் முடியும்போது திருத்திய வயதில் ஒரு மாதம்தான். இந்த வயதில் வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவா, அம்மாயியா என்று கேட்டால் அம்மாயிதான் எங்கள் தெரிவு, அவர் மலைக்கு வேலைக்குப் போகாதவராக இருந்தால். பிள்ளைக் காம்பராவில் பல பிள்ளைகளின் சளியும் காய்ச்சலும் சுற்றும், ஒருவர் பலரைப் பார்க்கவேண்டியிருக்கும். அங்கேதான் விடவேண்டும் என்றால் ஒரு வாய்ப்பு உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, ஒன்பது மணித்தியால வேலை நேரத்துக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை தாயின் உரிமை. பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையக்கூடாது, இல்லாத இடத்தில் ஒரு மணி. தூரத்து மலையில் கொழுந்து எடுத்தால் அரை மணி நடைக்கே போய்விடும். எனவே கிட்டிய மலையில் வேலை தரும்படி பேர் பதியுமுன்னே கங்காணியிடமும் தோட்டத்துக் கண்டக்டரிடமும் பேசிவிடுங்கள். கறந்த பாலை மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில், கறந்த நேரத்தை எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரிடம் பிறந்த திகதியோடு பிறக்கவேண்டிய திகதியையும் சொல்லிவையுங்கள். முகம் பார்த்துச் சிரிப்பது, கழுத்து நிற்பது, குப்புறப் புரள்வது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை திருத்திய வயதில்தான் பார்க்கவேண்டும். தடுப்பூசி மட்டும் பிறந்த திகதிப்படி. கண், காதுப் பரிசோதனைக்கு வைத்தியசாலை கொடுத்த திகதிகளை வேலை நாள் என்று தள்ளிப்போடாதீர்கள். குறிப்பாக 32 வாரத்துக்கு முன் பிறந்த, 1,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளின் விழித்திரைக் கோளாறு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உரிய வாரத்தில் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம், சில வாரம் தாமதித்தால் முடியாமல்போகும்.